ஒரு டப்பா டோனர் பேடும் செக்கிங் அக்காவும்

எங்கள் எதிர்வீட்டுப் பெண் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலையில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் போனை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள். போன வாரமும் நீட்டினாள். “அக்கா, இந்த ரெண்டுல எந்த டோனர் பேட் நல்லது? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்.” கொரியாக்காரர்கள் பஞ்சை வட்டவட்டமாக வெட்டி, முகத்துக்குப் போடும் தண்ணீரில் ஊறப்போட்டு, டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்களே, அதுதான். ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்தால் வேலை முடிந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் என்னிடம் கேட்கிறாள். அப்படி ஒருத்தி பார்த்துக் கேட்கும்படி இன்றைக்கு என் முகம் இருக்கிறதென்றால், அதற்கு எந்த பேடும் காரணமில்லை. ராஜபாளையத்தில் இருந்த ஒரு அக்கா காரணம். இதை அந்தப் பெண்ணிடம் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இங்கே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் பில் போடும் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். அங்கே துணியைச் சோதித்து அனுப்பும் மேசையில் இருந்தவர் அவர். அப்போது நாற்பது வயதிருக்கும். எல்லோருக்கும் செக்கிங் அக்கா. பெயரை நான் போடப் போவதில்லை. இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னபோது, “என் பேரெல்லாம் போடாதட்டி. நான் பாத்த துணி லாட்டுலதான் என் கையெழுத்து இருக்கணும். நீ எழுதுனத நான் பாக்கலையே” என்றார். அனுப்பி வைக்கிறேன் என்றேன். “அனுப்பு. ஒரு எழுத்து விடாமப் படிப்பேன். பொறவு உனக்குத்தான் கஷ்டம்” என்றார். அந்தக் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். பெயரில்லாமலே போகட்டும்.

அவர் யார் வாய்ச்சொல்லையும் நம்பியதில்லை. இதைக் குறையாகச் சொல்கிறேனா பெருமையாகச் சொல்கிறேனா என்று எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. காய்ச்சல் என்று யாராவது லீவு கேட்டால் நெற்றியைக் காட்டச் சொல்வார். பஸ் லேட் என்று நான் சொன்னால், அதே பஸ்ஸில் வந்த இன்னொருத்தியைத் தேடிப்போய்க் கேட்பார். இத்தனைக்கும் லீவு கொடுக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஒரு தடவை என் பெரியப்பா தவறிவிட்டார் என்று சொன்னேன். “எத்தனாவது பெரியப்பா?” என்றார். அந்த மனுஷன் உண்மையிலேயே தவறியிருந்தார்.

ஆனால் அவருடைய வேலை அப்படிப்பட்டது. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையின்மேல் துணி ஓடிக்கொண்டிருக்கும், அவர் கண்ணும் கூடவே ஓடும். வெளுத்து வந்த துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். சட்டென்று மூழ்கினால் நல்ல துணி. மிதந்துகொண்டு நின்றால் அதில் மெழுகோ எண்ணெயோ இன்னும் மிச்சமிருக்கிறது, அது ரத்தத்தை உறிஞ்சாது. இன்னொரு துண்டில் ஒரு சொட்டு அயோடின் விடுவார். நீலமாக மாறினால் தறியில் போட்ட கஞ்சி போகவில்லை என்று அர்த்தம். கடைசியாகக் கறுப்புத் துணி போட்டு மூடிய ஒரு பெட்டிக்குள் ஊதா விளக்கின் கீழே வைப்பார். அங்கே பளிச்சென்று ஒளிர்ந்தால், வெள்ளையாகத் தெரிவதற்காக எவனோ அதில் எதையோ கலந்திருக்கிறான். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

ஒரு நாள் லாரி வாசலில் வந்து நிற்கிறது. முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்து, “ஏம்மா, ரெண்டு மணி நேரமா லாரி நிக்குது, கையெழுத்தப் போட்டுவிடும்மா” என்றார்.

“நிக்கட்டும் மொதலாளி, லாரிக்கு என்ன காலா வலிக்கப் போகுது? இது எவன் புண்ணுமேல ஒட்டப்போகுதோ, அவனுக்குத்தான வலிக்கும்.”

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்தால் அவரே, “அவிய பாத்துட்டா நான் திரும்பப் பாக்க மாட்டேன்” என்று இவரைக் காட்டிச் சொல்லிக்கொள்வார்.

இந்தச் சோதனைப் புத்தி மேசையோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு தடவை எங்கள் ஊர்ப் பால்கோவா கால் கிலோ வாங்கிப்போய்க் கொடுத்தேன். ஆசையாகத்தான் கொடுத்தேன். ஒரு கிள்ளு எடுத்துத் தட்டில் வைத்து, அயோடின் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தி எதிரில் நிற்கிறேன், என் ஊரின் பால்கோவாவை, புண்ணுக்குப் போடும் துணி மாதிரிச் சோதிக்கிறார். நீலமாகவில்லை. அதன் பிறகு மிச்சத்தை ஒருவருக்கும் கொடுக்காமல் அவரே சாப்பிட்டுத் தீர்த்தார். நான் மூன்று நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் டோனர் பேட் டப்பாவைக் காட்டினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தை மாதத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பட்டாளத்தில் இருப்பவர். பங்குனியில் லீவில் வருவார், வந்ததும் பெண் பார்க்க வருவார்கள் என்று முடிவாகியிருந்தது. எனக்கோ இரண்டு கன்னமும் அவ்வப்போது சிவந்து அரித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பஸ் தூசி என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அம்மா காலையும் மாலையும் என் முகத்தைத்தான் பார்த்தார். அப்போது போனில் ஒரு பெண், கொரியா நாட்டு பேட் போட்டால் முகம் கண்ணாடி மாதிரி ஆகும் என்று தினமும் வந்து சத்தியம் செய்துகொண்டிருந்தாள். இரண்டு டப்பா வரவழைத்தேன். ஒன்று பழைய தோலை உரித்தெடுக்கும் வகை, மற்றது எரிச்சலை ஆற்றும் வகை. எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை. பஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று அவரிடம் கேட்டேன்.

டப்பாவின் மேல் எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். “அட்ட சொல்லுதத நான் கேக்கல. உள்ள இருக்கது என்ன சொல்லுதுன்னு பாப்போம்” என்று வாங்கிக்கொண்டார். மத்தியானம் பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், என் இரண்டு டப்பாவிலிருந்தும் மும்மூன்று பேடுகளை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பிழிந்து, ஜன்னலில் காயப்போட்டிருந்தார்.

“அக்கா, அந்தத் தண்ணிக்குத்தானக்கா அது. அதப் போயிக் கழுவிட்டீங்களே.”

“ஈரத்தோட போட்டா எந்தப் பஞ்சும் முங்கத்தான் செய்யும். காயாம எப்படிட்டி பாக்க?”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தத் தண்ணீருக்காகவே கடல் தாண்டி வந்த சாமானைக் கழுவிக் காயப்போட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். காய்ந்ததும் ஒன்றைத் தண்ணீரில் போட்டார், ஒன்றை ஊதா விளக்கில் வைத்தார், ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்தினார். தோலுரிக்கும் டப்பாவின் பேட் உருகி உருண்டையாகச் சுருண்டது. “இது நூலே இல்ல, பிளாஸ்டிக்கு. இதப் போட்டு மூஞ்சியத் தேச்சா என்னத்துக்கு ஆகும்?” மற்றது காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார், வாசனையில்லை. டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரை, அமிலம் காட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். முதல் டப்பா நல்ல புளிப்பு, இரண்டாவது சாது. “இது தேறும்” என்றார். ஆனாலும் டப்பாவைத் தரவில்லை. எட்டு நாள் தினம் ஒரு பேடை எடுத்துத் தன் இடது முழங்கைக்குக் கீழே துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கன்னத்தில் ஒன்றை வைத்தேன். மிளகாயை அரைத்து அப்பியது மாதிரி எரிந்தது. மறுநாள் கன்னம் வீங்கிப்போய் நேராக அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். “நீங்க பாத்துக் குடுத்த லட்சணத்தப் பாருங்க” என்று துப்பட்டாவை இறக்கிக் காட்டினேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. டப்பாவை வாங்கி ஒரு பேடை எடுத்து, என் கண்முன்னாலேயே தன் முகம் முழுக்கத் துடைத்தார். செத்த நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அதே டப்பா, அதே பஞ்சு. எனக்கு எரியல, உனக்கு எரியுது. அப்ப குத்தம் பஞ்சுல இல்ல. மூஞ்சில வேற என்ன போடுத?”

“ஒண்ணும் போடலக்கா.”

“நாளைக்கு உன் மூஞ்சில படுறது எல்லாத்தையும் கொண்டா.”

கொண்டுபோனேன். சோப்பு, பவுடர், மை, பொட்டு, வெயிலுக்குப் போடுவது. ஒன்று விடாமல் தன் கையில் தேய்த்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதுல ஒண்ணும் இல்ல. நீ கொண்டு வராதது ஒண்ணு இருக்கு.”

“இல்லக்கா.”

“இருக்கு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கேயே துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எட்டு மாதமாக ஒரு பியூட்டி பார்லரில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வெள்ளை டப்பா, மேலே பெயர் கிடையாது, ஒரு எழுத்துக் கிடையாது. போட்ட பத்தாம் நாளே முகம் வெளுத்தது. அம்மா பூரித்துப்போனார். சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். இரண்டு நாள் போடாவிட்டால் மட்டும் சிவக்கும், அரிக்கும். உடனே மறுபடியும் போடுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. “அட்டையே இல்லாத சாமானா?” என்று மட்டும் கேட்டார். அன்று அரை நாள் லீவு போட்டு என்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அந்த டப்பாவைப் பார்த்ததுமே, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், இந்த மாதிரி முகத்தோடு தினமும் ஆட்கள் வருகிறார்கள் என்றார். நிறுத்தினால் முதலில் நன்றாகச் சிவக்கும், உரியும், பருக்கள் வரும், பொறுத்துக்கொண்டால் சில மாதங்களில் சரியாகும், எக்காரணம் கொண்டும் பழைய கிரீமைத் தொடக்கூடாது என்றார். டோனர் பேடும் கூடாது, கொரியாவும் கூடாது. அவர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான்.

ஆக, அத்தனை சோதனை செய்து தேறிய அந்தப் பேடை நான் போட்டது ஒரே ஒரு தடவை. மிச்ச டப்பாவை, வீணாகக்கூடாது என்று செக்கிங் அக்காவே தீர்த்தார். முகத்துக்குப் போடுங்கள் என்றால் கேட்கவில்லை. ஆரம்பித்த இடத்திலேயே முடிக்க வேண்டுமாம். அவருடைய இடது கை மட்டும் குமரிப்பெண் கை மாதிரி ஆகிவிட்டது. “அக்காவுக்கு எடது கையில மட்டும் கல்யாணம்” என்று துணி வெளுக்கும் பிளீச்சிங்கில் வேலை பார்த்த பெண்கள் கேலி செய்தார்கள். அவர் இரண்டு கையையும் டியூப்லைட் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “வித்தியாசம் இருக்கத்தான்ட்டி செய்யுது” என்று நியாயமாக ஒப்புக்கொண்டார்.

மாசி மாதம் முழுக்க நான் பட்டது எனக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. முகம் சிவந்து, செதில்செதிலாக உரிந்து, அடுப்புப் பக்கம் போக முடியாமல் எரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அவர் பாதி நாள் என்னை ஏசினார், மீதி நாள் கிரீம் விற்றவளை ஏசினார், கடைசியில் செக்கிங் அக்காவை ஏசினார். “அவ யாரு நம்ம வீட்டு விஷயத்துல? பொண்ணு பாக்க வர வரைக்குமாவது பழசையே போட்டுட்டு, பொறவு நிறுத்தினா என்ன?”

நான் கம்பெனிக்குப் போனதும் அக்கா என் தாடையைப் பிடித்துக் கண்ணாடி மேசை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். “நேத்தைக்கு இன்னைக்குத் தேவல” என்பார். இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்வார். பொய்யாக ஒரு நாளும் ஆறுதல் சொன்னதில்லை. ஒரு தடவை, “அக்கா, என்னை ரிஜெக்ட்ல போட்டுருங்க” என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “நீ என்ன லாட்டா? இன்னொரு தடவ இப்படிப் பேசுன, அறைஞ்சிருவேன்” என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அம்மா சொன்னது எனக்குள் வேலை செய்துகொண்டே இருந்தது. ஒரு மாலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என் கால் தானாக அந்த பார்லருக்குப் போனது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அதே வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் வைத்துத் திறக்கத் தைரியம் வரவில்லை. கைப்பையிலேயே வைத்திருந்து மறுநாள் கம்பெனிக்கும் கொண்டுபோனேன். சாயங்காலம் எப்படியும் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு நாளில் சிவப்பு அடங்கிவிடும், எனக்கா தெரியாது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். பெஞ்சில் எனக்கும் அவருக்கும் நடுவில் கைப்பை இருந்தது, ஜிப் பாதி திறந்திருந்தது. அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“போட்டியா?”

“போடலக்கா.”

அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான். ஆனால் அவர் கை பைக்குள் போகப்போகிறது என்று நான் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன். செத்தவரை எத்தனாவது பெரியப்பா என்று கேட்டவர், பால்கோவாவில் அயோடின் விட்டவர், எட்டு நாள் கையில் தேய்க்காமல் ஒரு துண்டுப் பஞ்சைத் தராதவர். அவரிடம் இந்தக் கிரீம் விஷயத்தில் நான் ஏற்கெனவே இரண்டு தடவை பொய் சொல்லியிருக்கிறேன். கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

“சரி” என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். சத்தியம் வாங்கவில்லை, கண்ணை உற்றுப் பார்க்கவில்லை. நான் என் சோற்றை மூடி வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். டப்பாவைத் திறந்து, விரலை விட்டு வழித்து, அத்தனையையும் ஓடும் தண்ணீரில் விட்டேன். சீக்கிரத்தில் போகவில்லை, பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கழிவுப் பஞ்சை எடுத்துத் துடைத்துத் துடைத்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்காக ஒரு மோர் மிளகாயை டப்பா மூடியில் எடுத்து வைத்திருந்தார். பையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். இந்த ஜென்மத்தில் எனக்கு யார் யாரோ எது எதுவோ செய்திருக்கிறார்கள், அந்த ஒரு மத்தியானத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பங்குனியில் அந்த முகத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. “மொகத்துல என்னம்மா, அம்ம போட்டுருந்துச்சா?” என்று கேட்டார். என் அம்மா வெயில், தூசி என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசி, பெயரில்லாத கிரீம் போட்டதையும் முகம் கெட்டதையும் டாக்டரிடம் மருந்து வாங்குவதையும் சொன்னேன். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். காபி குடித்துவிட்டு, போய்ப் போன் பண்ணுகிறோம் என்று எழுந்தார்கள். போன் வரவில்லை. அந்த இடம் அத்தோடு நின்றது. இப்போது இருக்கும் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் வந்தவர்.

ஆனால் அன்று அவர்கள் கிளம்பும்போது, மாப்பிள்ளையின் தங்கை காபி டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்தாள். காலேஜ் படிக்கிற பெண். பளிச்சென்ற வெள்ளை முகம், மூக்கோரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, அந்த டாக்டரு எங்க இருக்காரு?” என்று கேட்டாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

“எனக்கு இல்லக்கா. என் கூடப் படிக்கிறவ ஒருத்தி போடுதா. அவளுக்கு.”

“சரி” என்றேன். காலண்டர் தாளைக் கிழித்து விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.